வேரோனிக்காவின் பெயரில் ஒரு கார்

அத்தியாயம் 17

கடிதம் வந்து இரண்டு நாளாகியும் வேரோனிக்கா வீட்டில் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

போன வாரத்தைத் தவறவிட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. மல்வேர்னில் வாடகை வீட்டில் இருக்கும் நீக்கிலாசும் வேரோனிக்காவும் சொந்த வீடு வாங்குவதற்காகப் பாங்கில் கடன் கேட்டிருந்தார்கள். பாங்க் கையை விரித்துவிட்டது. “உன்ர ஃபக்ரரிச் சம்பளம் காணாதாம்” என்று நீக்கிலாஸ் வந்து சொன்னான். அவளும் அதை நம்பினாள். கோடையில் பழைய வானை விற்றுக் காசைச் சேர்த்தார்கள். வேரோனிக்கா இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போய், கேட்டு வாங்கி ஓவர்டைம் செய்தாள். அப்போதுதான் ரெஜிஸ்ரர் தபாலில் அந்தக் கடிதம் வந்தது. ‘1993 ஒக்ரோபரில் நீங்கள் எங்களிடம் லீசுக்கு எடுத்த றீஜன்ற் காரின் காலம் இந்த மாதம் முப்பத்தோராம் திகதி முடிகிறது.’

வேரோனிக்கா தன் நாற்பத்து மூன்று வயதில் ஒரு காரும் எடுத்ததில்லை.

ஆனால் ஒரு றீஜன்ற்றை அவளுக்கு நன்றாகத் தெரியும். கறுப்பு நிறம், தோல் இருக்கை, மரப் பலகை பதித்த முகப்பு. மார்க்கம் நகரில் அவளுடைய புருஷனின் தமையன் மாக்கஸின் வீட்டு வாசலில் நிற்கும் கார் அது. மாக்கஸ் வீடு விற்பனை முகவர். அந்தக் காரில் சாய்ந்துகொண்டு அவர் சிரிக்கும் படம் கிழமைக்குக் கிழமை தமிழ்ப் பத்திரிகைகளில் வரும். போன ஞாயிறு, சொந்தக்காரப் பிள்ளை ஒன்றின் முதல் நற்கருணை விருந்து முடிந்து வேரோனிக்காவைக் கொண்டுபோய் விடும்போது, மாக்கஸின் மனைவி ஜோசப்பின் பின்சீற்றில் ஒரு துவாயை விரித்தாள். “குறை நினையாதை வேரோனிக்கா. தோல் சீற்று, ஊத்தை பிடிச்சா போகாது.”

அவள் அந்தத் துவாயில் உட்கார்ந்துதான் வீட்டுக்கு வந்தாள்.

சனிக்கிழமை காலை நீக்கிலாஸ் நேரத்தோடு எழும்பிச் சவரம் செய்து, நல்ல சேட் ஒன்றைப் போட்டுக்கொண்டு குசினிக்குள் வந்தான்.

“இஞ்சேர், வெளிக்கிடு. அண்ணை ஒரு இடத்துக்கு வரச் சொன்னவர்.”

“எங்க?”

“ஒரு கார்க் கடைக்கு. சின்னக் கையெழுத்து ஒண்டு. அஞ்சு நிமிச வேலை.”

வேரோனிக்கா அடுப்பை நூர்த்தாள். மேசை லாச்சியைத் திறந்து கடிதத்தை எடுத்து மகள் கரோலினிடம் கொடுத்தாள். கரோலினுக்கு இருபது வயது. கொலிச்சில் கணக்கியல் படிக்கிறாள்.

“கொப்பருக்கு விளங்கிற மாதிரி வாசி.”

கரோலின் வாசித்தாள். முதல் வரியிலேயே நீக்கிலாஸின் முகம் மாறியது. இரண்டாவது பக்கம் முடியுமுன் அவன் கடிதத்தைப் பறிக்கக் கை நீட்டினான். கரோலின் எழும்பிப் பின்னால் போய் நின்று மிச்சத்தையும் வாசித்து முடித்தாள்.

“இது எப்ப வந்தது?”

“வியாழக்கிழமை.”

“ரண்டு நாளா ஒளிச்சு வைச்சிருந்தனியோ?”

“நீங்கள் மூண்டு வருஷம் ஒளிச்சியள்.”

நீக்கிலாஸ் கதிரையை இழுத்து இருந்தான். பிறகு குரலைத் தணித்துச் சொல்லத் தொடங்கினான். வீட்டு விலை விழுந்த வருஷத்தில் மாக்கஸ் வங்குரோத்தாகிப் போனார். அவர் பெயரில் ஒருவரும் ஒரு சைக்கிள்கூடக் கொடுக்கமாட்டார்கள். வீடு காட்டுகிற ஆள் ஆட்களை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போக முடியுமா? தனக்கோ சம்பளம் கைக்காசு, கணக்கில் வராது. நிரந்தர வேலையும் சுத்தமான பேரும் இருந்தது வேரோனிக்காவுக்கு மட்டும்தான்.

“என்னட்டச் சாட்சிக் கையெழுத்தெண்டுதானே சொன்னனீங்கள்? இதே மேசையில வைச்சு.”

“சாட்சிக் கையெழுத்தும் கையெழுத்துத்தான். இப்ப என்ன குறைஞ்சு போச்சு? மாசக் காசு அண்ணைதானே கட்டுறார்?”

“அப்பா!” கரோலின் குறுக்கிட்டாள். “அம்மான்ர பேரில ஒரு லக்ஷறி கார் ஓடுது. பிறகு பாங்க் எப்பிடி லோன் தரும்? உங்களுக்கு இது தெரியும். யூ நியூ!”

நீக்கிலாஸ் மகளைப் பார்க்கவில்லை.

வேரோனிக்காவுக்கு அப்போதுதான் எல்லாம் ஓடி வெளித்தது. பாங்க் சொன்ன காரணத்தை அவன் வரும் வழியில் மாற்றியிருக்கிறான். தன் சம்பளம் போதாது என்று கூசிக் கூசி அவள் ஓவர்டைம் செய்த நான்கு மாதமும் அவன் எதிரே இருந்து சாப்பிட்டிருக்கிறான்.

“வெளிக்கிடுங்கோ, போவம்,” என்றாள்.

“கையெழுத்துப் போடுவியோ?”

“போய்ப் பாப்பம்.”

பஸ்ஸில் அவன் முன்னால் இருந்தான். தாயும் மகளும் பின்னால் இருந்தார்கள்.

கார்க் கடையின் கண்ணாடிக் கூடத்தில் மூன்று புது றீஜன்ற் கார்கள் நின்றன. மூன்றின் கண்ணாடியிலும் சிவப்பு எழுத்தில் விலைக் குறைப்பு அட்டை. வாசலில் மாக்கஸின் பழைய றீஜன்ற் கழுவித் துடைக்கப்பட்டு நின்றது. மாக்கஸ் மனேச்சரின் மேசைக்கு முன்னால் காலுக்கு மேல் காலைப் போட்டு இருந்தார். இவர்களைக் கண்டதும் எழும்பி வந்தார்.

“வா பிள்ளை. நல்ல நேரத்துக்கு வந்தாய். இந்த மொடலைக் கொம்பனி நிப்பாட்டிப்போட்டுது. இனி வராது. கடைசி மூண்டுதான் நிக்குது. அதாலதான் இந்த விலை. பழைய லீசை விட மாசம் எழுபது டொலர் குறைவு. மூண்டு வருஷம். கலர்கூட நீயே சொல்லு.”

“நான் ஏன் பெரியத்தான் கலர் சொல்ல வேணும்? கார் ஓடுறது நீங்களெல்லே?”

மாக்கஸ் தம்பியைப் பார்த்தார். நீக்கிலாஸ் தலை குனிந்தான்.

“வழியில எல்லாம் சொல்லிக்கொண்டுதானே வந்தனி?”

“கடிதம் வீட்டுக்கு வந்திட்டுது அண்ணை.”

மாக்கஸின் சிரிப்பு ஒரு கணம் நின்று திரும்பவும் வந்தது. “சரி. ஒருநாளைக்குத் தெரியத்தானே வேணும். இரு பிள்ளை. கரோலின், நீ போய் அங்கால கோப்பி குடி.”

“நான் அம்மாக்கு ட்ரான்ஸ்லேற் பண்ண வந்தனான் பெரியப்பா,” என்று சொல்லிக் கரோலின் தாய்க்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தாள்.

மனேச்சர் நரைத்த தலையும் அமைதியான குரலும் உள்ள மனிதர். ஒப்பந்தத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “திருமதி நீக்கிலாஸ் நீங்கள்தானே?” என்று கேட்டு வேரோனிக்காவின் பக்கம் திரும்பி விளக்கினார். கரோலின் வரிக்கு வரி தமிழில் சொன்னாள்.

“மூண்டு வழி இருக்காம் அம்மா. ஒண்டு, இப்ப இருக்கிற காரைத் திருப்பிக் குடுக்கலாம். ஆனா ஒப்பந்தத்தில எழுபத்திரண்டாயிரம் கிலோமீற்றர்தான் ஓடலாம். ஓடியிருக்கிறது ஒரு லட்சத்து நாப்பதாயிரம். கூட ஓடினதுக்குக் கட்ட வேணும். ஐயாயிரத்து நானூறு டொலருக்குக் கிட்ட.”

“ஆர் கட்ட வேணும்?”

“கையெழுத்து வைச்ச ஆள்.”

“மற்றது?”

“காரை வாங்கலாம். வாங்கினா அந்தக் கிலோமீற்றர்க் காசு கட்டத் தேவையில்லை. விலை பதினாறாயிரம். அது மூண்டு வருஷத்துக்கு முதல் போட்ட கணக்கு. இப்ப மொடல் நிண்டு போச்சு, ஓட்டமும் கூட. வெளியில வித்தா ஒன்பதாயிரமும் வராதாம். வாங்கிறதுக்கு வேற லோன் எடுக்க வேணும்.”

“மூண்டாவது?”

“புது லீஸ். பழைய கிலோமீற்றர்க் காசைப் புதுசுக்குள்ள கலந்துவிடுவினமாம். கையில இருந்து இப்ப ஒண்டும் கட்டத் தேவையில்லை.”

“அதைத்தான் சொல்லுறன்!” மாக்கஸ் மேசையில் தட்டினார். “ஒரு சதம் வேண்டாம். ஒரு கையெழுத்து. நீ திருப்பிக் குடுத்தா ஐயாயிரம் நட்டம்; வாங்கினா ஏழாயிரம் நட்டம். படிச்ச பிள்ளை பக்கத்தில இருக்கிறாள், கேள்.”

வேரோனிக்கா மகளைக் கேட்கவில்லை. அவளே கணக்குப் பார்த்துவிட்டாள். புது லீஸ் என்றால் இன்னும் மூன்று வருஷத்துக்கு வீடு இல்லை. வாங்கினாலும் அதே கதைதான். திருப்பிக் கொடுத்தால் பெயர் வெளிக்கும். ஆனால் வான் விற்ற காசும் ஓவர்டைம் காசும் அப்படியே போய்விடும்.

“திருப்பிக் குடுப்பம்,” என்றாள். “கூட ஓடின காசை நீங்கள் கட்டுங்கோ பெரியத்தான். ஓடினது நீங்கள்.”

“நானோ?”

“வேற ஆர்?”

“இந்தக் கார் இல்லாமல் நான் எப்பிடி உழைக்கிறது? உழைக்காமல் எப்பிடிக் கட்டுறது? உனக்கு மண்டைக்குள்ள ஏதும் இருக்கோ?” அவருடைய குரல் உயர்ந்தது. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “நிலம்கூட்டிற வேலை கிடைக்காமல் நிண்ட குடும்பத்தை ஸ்பொன்சர் பண்ணி எடுத்தவன் நான். ரிக்கெற் போட்டவன் நான். ஆறு மாசம் என்ர பேஸ்மன்றில வைச்சுச் சோறு போட்டவன் நான். இண்டைக்கு எனக்குக் கிலோமீற்றர் எண்ணுறாளாம்!”

“அந்த ஆறு மாசமும் உங்கட வீட்டில சமைச்சதும் கூட்டினதும் நான்தான். சோறு சும்மா வரேல்லை.”

“வேரோனிக்கா!” நீக்கிலாஸ் பல்லைக் கடித்தான். “அண்ணையோட கதைக்கிற கதையே இது? பேசாமல் கையெழுத்தைப் போடு.”

“நீங்கள் வாயை மூடுங்கோ.”

கலியாணம் கட்டி இருபத்திரண்டு வருஷத்தில் அவள் அவனுக்கு அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. கரோலின் மேசையைப் பார்த்தாள். மனேச்சருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் பேனையை மூடி வைத்தார்.

மாக்கஸ் மெதுவாகச் சொன்னார்: “சரி. அப்ப கேள். நான் ஒரு சதமும் கட்டமாட்டன். கார் உன்ர பேரில. காகிதம் உன்ர பேரில. கணக்கும் உன்ர கணக்கு. கோட்டுக்குப் போனாலும் அதைத்தான் சொல்லுவினம். விளங்குதோ?”

“விளங்குது.”

வேரோனிக்கா கையை நீட்டினாள்.

“காரின்ர திறப்பைத் தாங்கோ.”

“என்ன?”

“என்ர பேரில இருக்கிற கார். என்ர கார். திறப்பைத் தாங்கோ.”

மாக்கஸ் சிரித்தார். வேரோனிக்கா மகளிடம் திரும்பினாள். “இவரைக் கேள். இண்டைக்கு இந்தக் காரை ஆர் ஓடலாம்?”

கரோலின் கேட்டாள். மனேச்சர் இரண்டு பக்கம் புரட்டிவிட்டுச் சொன்னார். ஒப்பந்தக்காரர் வேரோனிக்கா. காப்புறுதியும் அவள் பெயரில். மாக்கஸ் இரண்டாவது சாரதி மட்டும். லைசன்ஸ் இருந்தால் முப்பத்தோராம் திகதி வரை அவள் ஓடலாம். வேறு ஆளுக்குக் கொடுப்பதும் கொடுக்காததும் அவள் விருப்பம்.

வேரோனிக்கா கைப்பையைத் திறந்து லைசன்ஸை மேசையில் வைத்தாள். மகளின் விடாத ஆய்க்கினையால் போன வருஷம் எடுத்தது. வான் இருந்த காலத்தில் நீக்கிலாஸ் அவளை ஓட விட்டதே இல்லை. சிநேகிதி ஒருத்தியின் காரைத்தான் இடைக்கிடை ஓடுவாள்.

“எனக்கு ரண்டு மணிக்கு ரெக்ஸ்டேலில வீடு காட்ட இருக்கு!” என்றார் மாக்கஸ். இப்போது அவர் கத்தவில்லை, கெஞ்சவும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒரு குரலில் சொன்னார். “ஆக்கள் காத்துக்கொண்டு நிப்பினம்.”

“பஸ் இருக்கு. ரண்டு மாற வேணும்.”

மனேச்சர் மாக்கஸைப் பார்த்துக்கொண்டு இருந்தார். மாக்கஸ் திறப்பை எடுத்து மேசையில் எறிந்தார். அது வழுக்கி நிலத்தில் விழுந்தது. நீக்கிலாஸ் குனிந்து எடுத்து அண்ணனிடமே திருப்பிக் கொடுக்கப் போனான். கரோலின் தகப்பனின் கையிலிருந்து அதை வாங்கினாள்.

வெளியே, காரின் டிக்கியை வெறுமையாக்கப் பத்து நிமிடம் பிடித்தது. மாக்கஸின் முகம் அச்சடித்த விற்பனைப் பலகைகள் ஏழு, ஒரு சுத்தியல், இரண்டு பெட்டி நாட்காட்டி. எல்லாவற்றையும் வேரோனிக்காவே தூக்கி நடைபாதையில் வைத்தாள். பின்சீற்றில் அந்தத் துவாய் மடித்தபடி கிடந்தது. அதையும் எடுத்து மாக்கஸின் கையில் கொடுத்தாள்.

“ஜோசப்பின் அக்காவிட்டக் குடுங்கோ. பஸ் சீற்றிலயும் ஊத்தை இருக்கும்.”

பிறகு புருஷனைப் பார்த்தாள். “வாறியளோ?”

நீக்கிலாஸ் இரண்டு பலகைகளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றான். “அண்ணையை இந்தச் சாமானோட தெருவில விட்டுட்டு உன்னோட வரச் சொல்லுறியோ?”

“ஓம்.”

அவன் மூன்றாவது பலகையைக் குனிந்து எடுத்தான்.

வேரோனிக்கா சீற்றை முன்னுக்கு இழுத்தாள். கண்ணாடிகளைத் தன் உயரத்துக்குத் திருப்பினாள். கார் சத்தமில்லாமல் வீதிக்கு ஏறியது. முதல் சிவப்பு விளக்கில் கோட்டைத் தாண்டிப் போய்த்தான் பிரேக்கை மிதித்தாள்.

“ஆர் யூ ஓகே அம்மா?”

“ஓம். காரின்ர பத்திரம் உள்ளுக்கு இருக்கோ பார். பொலிஸ் மறிச்சா காட்ட வேணும்.”

கரோலின் முன்னாலிருந்த லாச்சியைத் திறந்தாள். பத்திரம் இருந்தது. அதற்குக் கீழே, ஒரு பாங்கின் முத்திரை குத்திய நீள உறை ஒன்றும் இருந்தது. உறையின் மேல் தாயின் பெயர். அவள் பிரித்து வாசித்தாள். வாசிக்க வாசிக்க உதடு அசைவது நின்றது.

“என்ன பிள்ளை?”

“அம்மா, ஓரமா நிப்பாட்டுங்கோ.”

கோப்பிக்கடை ஒன்றின் வளவுக்குள் திருப்பி நிறுத்தினாள்.

“பெரியப்பா மார்க்கம் வீட்டை வைச்சு ரண்டாம் கடன் எடுக்கிறார். அதுக்கு நீங்கள் பிணை. காசு கட்டாட்டி உங்களிட்ட வருவினம். திங்கக்கிழமை பத்து மணிக்கு பாங்கில மீற்றிங். இதில உங்கட சைன் இருக்கு. இந்த மாசம் ரண்டாம் திகதி போட்டது.”

“நான் ஒண்டும் போடேல்லையே.”

கரோலின் காகிதத்தைத் தாயின் மடியில் வைத்தாள்.

வேரோனிக்கா எங்கும் தமிழில்தான் கையெழுத்து வைப்பாள். காகிதத்தின் அடியிலும் தமிழில்தான் இருந்தது. ‘வேரோனிக்கா’. அவளுடைய கையெழுத்து அல்ல. ஆனால் அந்த எழுத்தை அவளுக்குத் தெரியாமல் இல்லை. கலியாணம் கட்டிய புதிதில் நீக்கிலாஸ் நான்கு வருஷம் சவூதியில் இருந்தான். மாதம் இரண்டு கடிதம் வரும். தபால்காரன் நீட்டும் உறையில் முதலில் அவள் தேடுவது தன் பெயரைத்தான். ‘வே’யின் கொம்பு சற்றுப் பெரிதாக, கடைசிக் ‘கா’வின் கால் கீழே இறங்கி இடப்பக்கம் வளைந்து. நூறு உறையிலும் அப்படித்தான் எழுதியிருந்தான்.

அவள் அழவில்லை. காகிதத்தை மடித்து மகளின் பையில் வைக்கச் சொன்னாள். காரைத் திருப்பினாள்.

பஸ் தரிப்பில் நீக்கிலாஸ் தனியாக நின்றான். மாக்கஸ் பலகைகளோடு ரக்ஸியில் போய்விட்டார். தம்பிக்கு அதில் இடம் இருக்கவில்லைப் போலும். கறுப்புக் கார் பக்கத்தில் வந்து நின்றதும் அவன் முகம் தெளிந்தது. பின்கதவைத் திறந்து ஏறினான்.

“இப்ப எண்டாலும் அறிவு வந்துதே. அண்ணையிட்டப் போவம். மன்னிப்புக் கேட்டா விட்டிடுவார்.”

வேரோனிக்கா கண்ணாடிக்குள்ளால் அவனைப் பார்த்தாள்.

“பாங்க் காகிதத்தில என்ர பேரை எழுதினது நீங்களோ?”

அவன் திறந்து கிடந்த லாச்சியைக் கண்டான்.

“கேக்கிறன்.”

“ஓம். நான்தான்.” குரல் முதலில் இறங்கி, பிறகு சட்டென்று ஏறியது. “கேட்டா நீ போடுவியோ? மாட்டாய். அண்ணைக்கு வீடு போகப் போகுது. எங்களை இஞ்ச எடுத்த மனிசன் தெருவில நிக்கிறதை நான் பாத்துக்கொண்டு இருக்கிறதோ? உனக்கு நன்றி எண்டு ஒண்டு இருந்தா நான் ஏன் களவாப் போடுறன்? உன்னாலதான் போட்டனான்!”

“அப்பா, ஸ்ரொப்!” என்றாள் கரோலின். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

“இறங்குங்கோ,” என்றாள் வேரோனிக்கா.

“என்ன?”

“என்ர காரில இருந்து இறங்குங்கோ.”

பின்னால் வந்த பஸ் ஹோர்ன் அடித்தது. நீக்கிலாஸ் இறங்கினான். கதவை ஓங்கிச் சாத்தினான். இரண்டு அடி நடந்தவன் திரும்பி வந்து, குனிந்து, அவளுடைய பக்கத்துக் கண்ணாடியில் தட்டினான். அவள் பாதி இறக்கினாள். அவனுடைய கோபம் அதற்குள் எங்கோ போயிருந்தது. முகம் வெளிறிக் கிடந்தது.

“இஞ்சேர். திங்கக்கிழமை பாங்குக்கு வா. அவங்கள் கேட்டா அது உன்ர கையெழுத்துத்தான் எண்டு சொல்லு. இல்லையெண்டு சொன்னா… அண்ணையில்லை, என்னைத்தான் பிடிப்பாங்கள்.”

பஸ் மறுபடியும் ஹோர்ன் அடித்தது. வேரோனிக்கா அவனுடைய சவரம் செய்த முகத்தை, நல்ல சேட்டை, கண்ணாடி விளிம்பைப் பற்றியிருந்த விரல்களைப் பார்த்தாள்.

“வருவன்,” என்றாள்.

வந்து என்ன சொல்வாய் என்று கேட்க அவன் வாயெடுத்தான். அதற்குள் அவள் கண்ணாடியை ஏற்றத் தொடங்கிவிட்டாள். அவன் விரல்களை எடுத்துக்கொண்டான்.